லீட் இல்லாத பாட்டு

ஒரு பாட்டில் கிட்டார் இல்லை என்பதை வைத்து நான் ஒரு மனிதனை நாலு பேர் முன்னால் தோற்கடித்தேன். அவன் என் நண்பன். எறணாகுளத்துக்கு வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே நண்பன். அன்றைக்கு என் முகத்தில் இருந்திருக்கும் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பிராட்வேயில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். காலையிலிருந்து இரவு வரை தட்டும் தம்ளரும் உருளுகிற சத்தம். அறைக்குப் போனதும் காதில் ஹெவி மெட்டல் பாட்டை மாட்டிக்கொள்வேன். தேவராவில் என்னோடு தங்கியிருந்தவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். "பகல் பூரா பாத்திரம் உருள்றது பத்தலையா, ராத்திரியும் உருட்டணுமா" என்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தேன். ஏறவில்லை. பிறகு விட்டுவிட்டேன். ரசனை கெட்டவர்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

அவனைச் சந்தித்தது ஒரு ஹெட்போனால். ஒரு பக்கம் கேட்கவில்லை. மட்டாஞ்சேரியில் ஆம்ப்ளிஃபயர், மைக் செட் பழுது பார்க்கிற ஒருவன் இருக்கிறான், எதையும் சரிசெய்துவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். படகுத்துறையில் போட் பிடித்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. எதிரே ஒரு சாயாக்கடையைத் தவிர பஜார் முழுக்க அடைத்துக் கிடந்தது. அவன் கடை ஷட்டர் மட்டும் பாதி ஏறியிருந்தது. உள்ளே எனக்குத் தெரிந்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான். பாட்டு முடியும்வரை பேசாமல் நின்றேன்.

முடிந்ததும், "ரெண்டாவது லீட் கொஞ்சம் நீளம்" என்றேன்.

பாட்டின் நடுவில் ஒற்றைக் கிட்டார் மட்டும் தனியாகக் கிளம்பி மேலே ஏறுமே, அதைத்தான் லீட் என்போம். அவன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீளமா? அது போரா அண்ணாச்சி. இன்னும் ஒரு மினிட்டு வேணும்."

போதாது என்கிறான். முன்பின் தெரியாத என்னிடம், பெயர்கூடக் கேட்காமல் சண்டைக்கு வந்துவிட்டான். எனக்கு அவனை அந்த நொடியே பிடித்துப்போனது. சாயங்காலம் வரை சண்டை போட்டோம். ஹெட்போனை மறந்து வைத்துவிட்டு அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன்.

அவன் வீட்டில் தமிழ். தாத்தா காலத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். ஆனால் படித்ததெல்லாம் மலையாளம். தமிழில் அவனுக்கு ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. நான் வழக்கம்போல "மாப்ள" என்று கூப்பிட்டதும், "அண்ணாச்சி, இந்த ரோட்டில அப்படி விளிக்காதீங்க, அது வேற கூட்டம். நாங்க ராவுத்தரு" என்றான். மாப்பிள என்றால் அங்கே மலபார் முஸ்லிம்களைக் குறிக்குமாம். நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் அவனே அதற்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான்.

ஒரு நாள், "இன்னைக்கு நல்ல களி" என்றான். எங்கே, யார் வீட்டில் கிண்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஆட்டத்தைத்தான் மலையாளத்தில் களி என்பார்களாம். ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நாங்கள் இருவரும் ஒரே பாஷை பேசுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

களி என்று அவன் சொன்னது எங்கள் பாட்டுப் போட்டியை. முப்பத்திரண்டு பாட்டு. துண்டுச் சீட்டில் எழுதி, திருகாணி டப்பாவில் போட்டுக் குலுக்கி, இரண்டிரண்டாக எடுப்போம். ஒரே ஆம்ப், ஒரே ஸ்பீக்கர், ஒரே சத்தம். கேட்கும்போது வாய் திறக்கக்கூடாது. இரண்டும் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்க வேண்டும். முதல் பாட்டு என்றால் வலது கை, இரண்டாவது என்றால் இடது. பிறகு கண்ணைத் திறப்போம். கை ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் இறங்கி வரும்வரை வாதாட வேண்டும். சமம் என்கிற பேச்சே கிடையாது. தோற்ற பாட்டு வெளியே. இறங்கி வந்தவர் எதிர்க்கடையில் போய்ச் சாயா வாங்கிவர வேண்டும்.

பாட்டுகளின் நிஜப் பெயரை இருவராலும் ஒழுங்காக உச்சரிக்க முடியாது. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். மெதுவாகக் கனத்துடன் நடக்கிற ஒன்று ஆனை. டப்டப்பென்று அடித்துத் தள்ளுகிற ஒன்று தையல் மெஷின். அவனுக்கு உயிரான பாட்டுக்குக் கோபுரம் என்று பெயர் வைத்தது நான். அதில் லீட் நிலை நிலையாக ஏறும். ஒவ்வொரு நிலையிலும் நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததற்கு ஏறும். உச்சியில் போய்க் கத்தாது. அங்கே மெல்ல ஓர் இழுப்பு இழுத்துவிட்டு நிற்கும். கோபுரத்தை எந்தப் பாட்டோடு மோதவிட்டாலும் அவன் ஒற்றைக் காலில் நிற்பான். ஒரு முறை ஆனைக்காக நான் இரண்டு மணி நேரம் வாதாடினேன். அவன் மசியவில்லை. கடைசியில், "அண்ணாச்சி, ஆனை கால் கொண்டு நடக்குது. இது கால் இல்லாமலே ஏறுது. எதாக்கும் கஷ்டம்?" என்றான். போய்ச் சாயா வாங்கிவந்தேன்.

அவனிடம் தோற்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்படி நாலு வருஷம். நாலாவது வருஷ மழைக்காலத்தில் அவன் மாறினான். நான் எந்தக் கையைத் தூக்குகிறேனோ அவனும் அதே கையைத் தூக்கினான். முதல் வாரம் மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாவது வாரம், கடைசியில் இவனுக்கும் ரசனை வந்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டேன். ஏழாவது வாரமும் அப்படியே ஆனபோது எனக்கு உறுத்தியது. ஒரு நாள் கண்ணை முழுதாக மூடாமல் இமை இடுக்கில் பார்த்தேன். அவன் கண்ணைத் திறந்துவைத்து என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வலது தோள் அசைந்ததும் அவன் வலது கை எழுந்தது.

வேறு சிலதும் நடந்தன. அப்போது அவற்றை நான் கூட்டிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரில் மேல் சத்தத்துக்கென்று சின்னதாக ஒன்று இருக்கும், ட்வீட்டர். அதை மூன்று தடவை கழற்றி மாற்றினான். "ட்வீட்டர் போயி அண்ணாச்சி, இப்ப வர்ற மால் ஒண்ணும் கொள்ளூல்ல" என்று, புதிதாக வருகிற சரக்கையெல்லாம் குறை சொல்லிச் சலித்துக்கொண்டான். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. அவன் சரிசெய்து கொடுத்த செட் கீச்சிடுகிறது என்று பள்ளிவாசலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தார்கள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். வேலை மும்முரம் என்று நினைத்தேன்.

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இவனுக்கு என்னோடு வாதாடி அலுத்துவிட்டது. குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல் எனக்கு விட்டுக்கொடுக்கிறான். அந்த எண்ணம் வந்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்பதைத் தாங்குவேன். விட்டுக்கொடுப்பதைத் தாங்கமாட்டேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

கிட்டார் பழகுகிறவர்களுக்காக, லீட்டை மட்டும் நீக்கிவிட்டு மற்றதையெல்லாம் வைத்து இணையத்தில் பாட்டுப் போடுவார்கள். கூடவே வாசித்துப் பழகலாம். கோபுரத்துக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. என் ஃபோனில் இறக்கிக்கொண்டேன். கேட்டுப் பார்த்தேன். லீட் வர வேண்டிய இடத்தில் ட்ரம்மும் பேஸும் மட்டும் ஒன்றரை நிமிஷம் சும்மா நடந்துகொண்டிருந்தன. போதாதென்று, ஞாயிறு காலை எதிர்ச் சாயாக்கடைச் சேட்டனிடமும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். அவர் வேடிக்கை பார்க்க வந்தார். வழக்கமாகப் படியில் உட்கார்ந்து "இன்னு ஆரு ஜயிச்சு" என்று எங்களைக் கிண்டலடிக்கிற மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அன்று ஆனைக்கும் கோபுரத்துக்கும் போட்டி. சீட்டை நான்தான் எடுத்தேன். அதிலும் கள்ளத்தனம் செய்தேன். ஆனை முடிந்தது. கோபுரம் தொடங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். லீட் இல்லாத அந்த ஒன்றரை நிமிஷமும் அவன் தலை மெல்ல மெல்ல மேலே எழும்பியது. முகம் மலர்ந்தது. நான் சேட்டனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

பாட்டு முடிந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் என் தோளைப் பார்க்கவில்லை. படக்கென்று இடது கையைத் தூக்கினான்.

"லீட் எப்படி மாப்ள?" என்றேன்.

"லீட் பறயணுமா அண்ணாச்சி? அந்த மூணாவது நிலையில ஒண்ணு நின்னுட்டு, பின்ன ஒரு ஏத்தம் ஏறுமே. இன்னைக்கு அது நல்ல தெளிஞ்சு கேட்டு. ட்வீட்டர் மாத்தினதுக்கு குணம் உண்டு, கேட்டோ."

"மாப்ள, நீ கேட்ட பாட்டுல லீட்டே கிடையாது."

அவனுக்கு முதல் தடவை காதில் விழவில்லை. எங்கள் சிரிப்பைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சிரித்தான். நான் பக்கத்தில் போய் உரக்கச் சொன்னேன். ஃபோனைக் காட்டி, இந்த இந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் ட்ரம், நீ தூங்கிவிட்டாய், இத்தனை வாரமும் என் கையைப் பார்த்துத்தான் உன் கையைத் தூக்கினாய் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். சேட்டன் தொடையில் தட்டிச் சிரித்தார். சுமட்டுக்காரர்களில் ஒருவர், "நீ உறங்ஙிப் போயோடா?" என்றார். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தான். ட்வீட்டர்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஆம்ப்பை அணைத்தான்.

"எனக்கு வல்லாத்த சங்கடமாச்சு அண்ணாச்சி" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

மாட்டிக்கொண்டதில் வெட்கம், கூச்சம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் நெளிய வேண்டிவந்தால் சங்கடமாக இருக்கிறது என்போம்.

"சங்கடப்படணும்ல. நல்லா சங்கடப்படு" என்றேன்.

அவன் என் ஃபோனிலிருந்து ஒயரைக் கழற்றி, ஃபோனை என் கையில் கொடுத்தான். போட்டில் திரும்பும்போது ஜெயித்துவிட்ட திருப்தியோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

அடுத்த ஞாயிறு போனேன். ஷட்டர் முழுதாக இறங்கியிருந்தது. ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. ரோஷம் அவனுக்கு மட்டும்தான் இருக்குமா என்று நானும் நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளை எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை. இடப்பள்ளிக்குப் போய் மாலில் காரணமில்லாமல் ஏறி இறங்கினேன். பாட்டுக் கேட்டால் அதில் குறை சொல்ல வேண்டும்போல் வாய் ஊறும். சொல்ல ஆள் இல்லை. இரண்டு மாதம் இப்படிப் போனது.

எங்கள் கடையில் வைப்பினிலிருந்து வருகிற ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா இறந்து, பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். இட்லிச் சட்டியைத் துடைத்துக்கொண்டே அழுதாள். "எனிக்கு சங்கடம் வந்நிட்டு நில்க்கான் வய்யா" என்றாள். நிற்கக்கூட முடியவில்லை என்கிறாள். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "இதுல என்னம்மா சங்கடம்? யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. நல்லா அழு" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணா, சங்கடம்னு பறஞ்ஞா துக்கம். கரச்சில் வருந்ந துக்கம்."

பதினோரு வருஷத்தில் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். தெரியாத சொல்லாக இருந்தால் யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாகப் போய்விட்டது. அவன் எனக்குத் துக்கமாக இருக்கிறது, அழுகை வருகிறது என்று சொல்லியிருக்கிறான். நான் நன்றாக அழு என்று சொல்லியிருக்கிறேன். தமிழ் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டாலும் நான் சொன்னது ஈனமான பேச்சுதான். பழியைச் சொல்மேல் போட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் புரிந்திருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன். ஏண்டா என்று கேட்டிருப்பேன்.

அன்று மதியமே கடையில் சொல்லிவிட்டு மட்டாஞ்சேரிக்குப் போனேன். கடை திறந்திருந்தது. முன்னால் அவன் மனைவி சார்ஜரும் கவரும் விற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உள்ள இருக்காங்க. இடது பக்கம் நின்னு சத்தமா பறயணும். வலது காது தீரே இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தணிந்த குரலில் சொன்னார். ஒன்றரை வருஷமாகக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. முதலில் போனது மேல் சத்தங்கள். அவனுடைய வாப்பாவுக்கும் இதே வயதில் இப்படித்தான் ஆனதாம். நரம்புக் கோளாறு, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, பாட்டுக் கேட்டதாலா என்பது. இல்லை என்று அவர் சொன்னதும் பெரிய சமாதானத்தோடு வீடு வந்தானாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நான் பறஞ்ஞேன், அண்ணாச்சிகிட்ட சொல்லிடுங்கன்னு. வேண்டான்னாங்க. அறிஞ்ஞா ஞாயிறாச்ச வரமாட்டாரு, களி தீரும்னாங்க."

ஏழு வாரம் அவன் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான். நான் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக.

உள்ளே போனேன். அவன் ஒரு ஆம்ப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். இடது காதுக்குப் பின்னால் சின்ன மெஷின். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"தப்பாயிப்போச்சு மாப்ள" என்றேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கத்தினேன். சாயாக்கடைச் சேட்டன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பைக் கத்திக் கேட்கிறபோது அது சண்டை போடுவது மாதிரியே ஒலிக்கிறது.

"சாரமில்ல அண்ணாச்சி" என்றான். பரவாயில்லை என்கிறான்.

சாயா வந்தது. குடித்தோம். ஒரு பாட்டுப் போடட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"மெஷின் வெச்சா பாட்டு பாட்டாயிட்டு கேக்காது. தகரம் உரசற மாதிரி. வேண்டா. தலைக்குள்ள எல்லாம் இருக்கு. கட அடச்சிட்டு நடக்கும்போ ஓரோண்ணா ஓட்டிப் பாப்பேன். ஆனை வரும். தையல் மெஷின் வரும். ஒண்ணும் குறையல்ல."

கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"கோபுரம் மட்டும் நடக்குல்ல. அன்னைக்கு நான் நிஜமாவே கேட்டேன் அண்ணாச்சி, ஒவ்வொரு நிலையும். பொய் பறயல்ல. ஆனா அப்புறம் எப்ப ஓட்டினாலும், மூணாவது நிலைக்கு வரும்போ நீங்க பறஞ்சதுதான் கேக்குது. லீட்டே கிடையாதுன்னு. அதோட நிக்கும்."

அவன் ஸ்டூலை நகர்த்தி, இடது காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவந்தான்.

"அந்த இடத்துல அது மேல போவுமா, கீழ வருமா? ஒண்ணு பாடிக் காமிங்க."

ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. நான் முனகத் தொடங்கினேன். மெஷின் வீலென்று கத்தியது. அவன் அதை விரலால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினான். முதல் நிலை வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் மேலே போவதா, கீழே வருவதா என்று தடுமாறினேன். ராகம் கையைவிட்டுப் போய்விட்டது. நிறுத்தினால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து வாயில் வந்த எதையோ இழுத்து இழுத்து முடித்துவைத்தேன்.

அவன் கண்ணைத் திறந்து, "ஆங், அதுதான். அது தன்னெ" என்றான்.